தண்டில் இருந்த லெப்டினன்ட்: சர்ச்சிலின் பெங்களூர் ஆண்டுகள்

பெங்களூரில் சர்ச்சிலைப் பற்றிப் பேச்செடுத்தால் அது 13 ரூபாயில் தொடங்கி 13 ரூபாயிலேயே முடிந்துவிடும். ரெசிடென்சி ரோட்டில் இருக்கும் பெங்களூர் கிளப்புக்கு அந்தக் காலத்தில் யுனைடெட் சர்வீஸ் கிளப் என்று பெயர். அதன் பழைய குறிப்பேட்டில் 1899 ஜூன் 1 தேதியிட்ட பக்கத்தில், பாக்கியைக் கட்டாமல் போனவர்களின் பட்டியலில் லெப்டினன்ட் டபிள்யூ.எல்.எஸ். சர்ச்சில் என்ற பெயர் இருக்கிறது. எதிரே 13 ரூபாய். இனி வசூலாகாது என்று கணக்கிலிருந்து தள்ளிவிட்டார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு நானே இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்பவர் முகத்தில் ஒரு சின்ன நிறைவு தெரியும், நம் காசைக் கட்டாமல் ஓடிப்போனவன்தானே இவன் என்பதுபோல.

நம் காசு இல்லை அது. இந்தியர்களை உறுப்பினராகச் சேர்க்காத கிளப்; வெள்ளைக்காரர் வெள்ளைக்காரருக்கு வைத்த பாக்கி. தொகையும் பெரிதல்ல. 1899 வாக்கில் ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். சர்ச்சிலின் படைச் சம்பளம் நாளொன்றுக்கு 14 ஷில்லிங், அதாவது பத்தரை ரூபாய். மொத்த பாக்கியும் ஒன்றேகால் நாள் சம்பளம்தான்.

இந்தச் சில்லறைக் கதை பெரிய கதையை மறைத்துவிட்டது என்பதுதான் என் குறை. 1896 அக்டோபரில் இந்த ஊருக்கு வந்தபோது அவருக்கு 21 வயது. குதிரையும் போலோவும் தெரியும், புத்தகம் தெரியாது. 1899 மார்ச்சில் இந்தியாவை விட்டுக் கிளம்பியபோது இரண்டு நூல்களை எழுதி முடித்து, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, தேர்தலில் நிற்கத் தயாராக இருந்தார். பல்கலைக்கழக வாசலை மாணவராக மிதிக்காதவர். அவர் படித்த கல்லூரி எது என்று யாராவது கேட்டால், பெங்களூர் கண்டோன்மென்டின் மதிய நேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ராணுவத்துக்கு அவர் போனதற்குப் பெரிய வீர தாகம் காரணமில்லை. தந்தை ராண்டால்ஃப் சர்ச்சில் 1886இல் பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்து, சில மாதங்களில் பதவியைத் தூக்கியெறிந்து அரசியல் வாழ்வையே கெடுத்துக்கொண்டவர். மகன் படிப்பில் மந்தம், சட்டத்துக்கு லாயக்கில்லை என்று அவர் முடிவு கட்டியதால் பட்டாளம். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவப் பள்ளிக்கான தேர்வில் மூன்றாவது முயற்சியில்தான் மகன் தேறினார். அந்த மதிப்பெண்ணுக்குக் காலாட்படை கிடைக்கவில்லை, குதிரைப்படை கிடைத்தது. குதிரைப்படைக்கு மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் அங்கே செலவு அதிகம். குதிரை, உடுப்பு, விருந்து எல்லாம் அதிகாரியின் சொந்தப் பையிலிருந்து போக வேண்டும். மகனைக் குதிரைப்படையில் சேர்த்துவிட்டார்களே என்று தந்தைக்குக் கோபம். 1895 ஜனவரியில் 45 வயதில் அவர் இறந்தார். அடுத்த மாதமே மகனுக்கு 4ஆவது ஹுஸார் குதிரைப்படைப் பிரிவில் அதிகாரி பதவி.

தந்தை விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற ஆசை அப்போதே இருந்தது. அதற்கு ஒரு தடை. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 1911 வரை சம்பளம் கிடையாது. கைக்காசு உள்ளவர்களுக்குத்தான் அரசியல். அம்மா அனுப்பும் ஆண்டுக்கு 500 பவுண்டு குதிரைகளுக்கே போதவில்லை. புகழும் வேண்டும், பணமும் வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு இந்தியாவுக்குப் போகும் உத்தரவு வந்தது. இந்தியா என்றால் அவருக்கு வனவாசம். எப்படியாவது தடுக்கும்படி அம்மாவுக்கு எழுதிப் பார்த்தார். பலிக்கவில்லை. பம்பாயில் சாசூன் துறையில் படகிலிருந்து கரையேறும்போது சுவரிலிருந்த இரும்பு வளையத்தைப் பற்றினார். அலை படகைக் கீழே இழுக்க, வலது தோள் பிசகியது. அந்தத் தோள் வாழ்நாள் முழுக்கத் தொல்லை கொடுத்தது. பிறகு போலோ ஆடும்போதெல்லாம் மேல்கையைப் பட்டையால் கட்டிக்கொண்டுதான் ஆடினார்.

அல்சூரில் என் பாட்டி காலத்தில் கண்டோன்மென்ட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தண்டு. கண்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்குத் தண்டு ஸ்டேஷன். கன்னடத்தில் தண்டு என்றால் படை. நம் பழைய தமிழிலும் அதே பொருள் உண்டு, தண்டநாயகன் என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். இரு மொழிக்காரர்களும் தங்கள் சொல் என்று உரிமை கொண்டாடலாம், சண்டை வேண்டாம்.

திப்பு வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலப் படையை 1809இல் இங்கே கொண்டுவந்தார்கள். படை நகர்ந்தால் ஓர் ஊரே கூட நகரும். ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் சமையல்காரர், குதிரைக்காரர், சலவைத் தொழிலாளி, கொத்தனார், தானியம் விற்பவர், கட்டட கான்ட்ராக்டர் என்று தமிழர்கள் வந்து குடியேறினார்கள். இன்றைய உயர் நீதிமன்றமான அட்டாரா கச்சேரியைக் கட்டிய கான்ட்ராக்டர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் இந்த வழியில் வந்தவர்தான். 1873இல் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர் என்ற ராணுவப் பொறியியல் படை. அந்தச் சிப்பாய்களுக்கு ராணுவத்தில் இன்றுவரை வழங்கும் செல்லப்பெயர் தம்பி. 1881இல் மைசூர் ராஜ்ஜியத்தை மகாராஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோதும் தண்டுப் பகுதியை ஆங்கிலேயர் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள், 1947இல்தான் விட்டார்கள். கப்பன் பூங்காவுக்கு அந்தப் பக்கம் பேட்டை, மகாராஜாவின் ஊர். இந்தப் பக்கம் தண்டு. கேவல்ரி ரோடு, இன்ஃபன்ட்ரி ரோடு, ஆர்ட்டிலரி ரோடு என்று தெருப்பெயர்களே படைவரிசையில் நின்றன. கேவல்ரி ரோட்டுக்கு இப்போது காமராஜ் ரோடு என்று பெயர்.

இந்த ஊரில் சர்ச்சிலும் ரெஜினால்ட் பார்ன்ஸ், ஹியூகோ பேரிங் என்ற இரண்டு சக அதிகாரிகளும் சேர்ந்து ஒரு பங்களாவை எடுத்தார்கள். இளஞ்சிவப்பும் வெள்ளையும் பூசிய சுவர், கனத்த ஓட்டுக்கூரை, ஆழமான தாழ்வாரம், தூண்களில் ஊதா நிற போகன்வில்லா. சுற்றி இரண்டு ஏக்கர் தோட்டம். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ரோஜாச் செடிகள் மட்டும் சுமார் 150. மண்சுவர் வைத்து முப்பது குதிரைகளுக்கு லாயம். தோட்டத்தில் பட்டாம்பூச்சி பிடித்து அறுபதுக்கு மேற்பட்ட வகைகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஓர் எலி புகுந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

விடிவதற்கு முன் இருட்டிலேயே நாள் தொடங்கிவிடும். தூங்குபவரின் தாடையை ஈரக் கை ஒன்று மெல்லத் தூக்கும். சோப்பு நுரை பூசிய கழுத்தில் சவரக்கத்தி இறங்கும். எழுந்து உட்காரும்போது சவரம் முடிந்திருக்கும். ஆறு மணிக்கு மைதானத்தில் அணிவகுப்பு, ஒன்றரை மணி நேரம். குளியல், மெஸ்ஸில் காலை உணவு. ஒன்பது மணிக்கு லாயமும் அலுவலகமும், பத்தரை வரை. அதோடு அன்றைய ராணுவ வேலை முடிந்தது! மாலை ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்த பிறகு போலோ. இரவு எட்டரைக்குப் படைப்பிரிவின் பேண்டு வாசிக்க விருந்து, கொஞ்சம் சீட்டாட்டம், படுக்கை. பத்தரைக்கும் ஐந்துக்கும் நடுவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் காலி. மற்ற அதிகாரிகள் தூங்கினார்கள்.

சர்ச்சில் 1930இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இந்த ஏற்பாட்டைப் பூரிப்போடு விவரிக்கிறார். துணியை உடைக்காரப் பையனிடமும், குதிரையைக் குதிரைக்காரரிடமும், பணத்தைப் பட்லரிடமும் ஒப்படைத்துவிட்டால் அதற்குமேல் எந்தக் கவலையும் இல்லையாம். மூன்று அதிகாரிகளின் மூன்று பட்லர்களும் தங்களுக்குள் ஒரு பிணக்கும் வராமல் குடித்தனத்தை நடத்தினார்கள் என்று மெச்சுகிறார். அந்த மூவரும் தமிழ் பேசியவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். தண்டில் பட்லர் வேலை பெரும்பாலும் நம் ஆட்கள் கையில்தான் இருந்தது. அவர்கள் பேசியதற்கு பட்லர் இங்கிலீஷ் என்று தனிப் பெயரே வந்துவிட்டது. இறந்தகாலம், எதிர்காலம் எதுவும் அதில் சரியாக நிற்காது, ஆனால் சந்தையிலிருந்து வரும் கணக்கு மட்டும் பைசா பிசகாது.

வந்த புதிதில் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், இந்துஸ்தானி கற்கப் போவதில்லை, இங்கே எல்லோரும் நன்றாக ஆங்கிலம் பேசுகிறார்கள், பயன்படாத ஒரு பேச்சைக் கற்று நேரத்தை வீணாக்குவானேன் என்று எழுதினார். கற்றிருந்தாலும் தண்டில் எத்தனை பேரோடு அதில் பேசியிருக்க முடியும் என்பது வேறு விஷயம். மூன்று ஆண்டுகளில் அவர் நெருக்கத்தில் பார்த்த இந்தியர்கள் கை நீட்டினால் பொருளை எடுத்துக் கொடுப்பவர்களும், வட்டிக்குக் கடன் கொடுப்பவர்களும்தான். மாதம் இரண்டு வட்டி. துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டால் போலோக் குதிரை வந்து நிற்கும். அந்த வட்டிக்காரர்களை இனிமையானவர்கள், நேர்மையானவர்கள், இரக்கமே இல்லாதவர்கள் என்று ஒரே மூச்சில் வர்ணித்திருக்கிறார். 1899க்குப் பிறகு அவர் இந்திய மண்ணை மிதிக்கவே இல்லை. அந்தத் தன்வரலாறு வெளிவந்த அடுத்த மாதம் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. இந்தியாவுக்குச் சுயாட்சி கூடாது என்று கட்சித் தலைமையோடு மோதி, 1931 ஜனவரியில் தன் கட்சியின் முன்வரிசையிலிருந்து விலகினார்; அடுத்த மாதம் காந்தியைப் பக்கிரி வேஷம் போடும் வக்கீல் என்று ஏசினார். 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தபோது பிரதமர் அவர்தான். இதற்கெல்லாம் தண்டு பங்களாதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தியா என்றதும் அவர் மனக்கண்ணில் எழுந்த படத்தில் பட்லர் ஒருவர் பணிவாக நின்றுகொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

அந்த மதிய நேரத்துக்கு வருவோம். 1896 குளிர்காலத்தில், 22 வயது ஆகும் சமயத்தில், தனக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் அவருக்குத் திடீரென்று உறைத்தது. நண்பர்கள் பேச்சில் எதிக்ஸ் (அறவியல்) என்ற சொல் வந்தால் அது என்னவென்று தெரியவில்லை. சாக்ரடீஸ் முறை என்கிறார்களே, அந்த சாக்ரடீஸ் யார், ஏன் அவரைக் கொன்றார்கள்? கேட்கவும் வெட்கம். அம்மாவுக்கு எழுதினார். கப்பலில் புத்தகங்கள் வரத் தொடங்கின. ரோமப் பேரரசின் சரிவைப் பற்றிய கிப்பனின் வரலாறு எட்டு பாகம். மெக்காலே பன்னிரண்டு பாகம். பிளேட்டோ, அரிஸ்டாட்டில், மால்தஸ், டார்வின், ஷோப்பன்ஹவர். தந்தைக்கு கிப்பன் உயிர் என்று கேள்விப்பட்டுத்தான் முதலில் கிப்பனைத் தொட்டாராம். தினமும் நாலைந்து மணி நேரம், மற்றவர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, இவர் பக்க ஓரங்களில் தன் கருத்தை எழுதிக்கொண்டே படித்தார். பிற்காலத்து மேடைப் பேச்சில் அந்த நீண்ட, அலைபோல் எழும்பி இறங்கும் வாக்கியங்கள் கிப்பனும் மெக்காலேயும் கொடுத்தவை.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது இன்னொரு பயிற்சி. ஒவ்வோர் ஆண்டும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதங்களையும் உலக நடப்புகளையும் தொகுத்து அங்கே ஒரு ஆண்டு மலர் வெளிவரும். அதன் பழைய தொகுதிகளையும் அம்மாவிடம் கேட்டு வாங்கினார். படிக்கும் முறைதான் விசேஷம். ஒரு மசோதாவைப் பற்றிய விவாதத்துக்கு வந்ததும் புத்தகத்தை நிறுத்திவிடுவார். இந்தப் பிரச்சினையில் நான் அந்த அவையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பொதுவான கொள்கைகளை மட்டும் வைத்துத் தாளில் எழுதுவார். பிறகு விவாதத்தைப் படிப்பார். படித்து முடித்ததும் தன் கருத்தைத் திருத்தி மறுபடி எழுதுவார். பள்ளிக்கூடத்தில் மாதிரி வினாத்தாள் போட்டுப் பார்க்கிறோமே, அதுதான். இப்படிப் பெங்களூர் வெயிலில் உட்கார்ந்து, வராத வாய்ப்புக்கு நாடாளுமன்றத்தில் பேசிக்கொண்டே இருந்தார். சொற்பொழிவுக் கலையைப் பற்றி 1897இல் ஒரு கட்டுரையும் எழுதினார்: சொல் தேர்வு, ஓசை நயம், வாதங்களை அடுக்கிக் குவிப்பது, உவமை. எழுதியவருக்கு ஸகரம் சரியாக வராமல் நாக்கு குழறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

படிப்பு சேர்ந்தது, பணமும் பெயரும் எங்கே? அதற்குப் போர் வேண்டும். 1897 கோடையில் விடுப்பில் இங்கிலாந்து போனவர், ஜூலை 26 அன்று பாத் நகரத்துக்கு அருகே ஒரு கட்சிக் கூட்டத்தில் தன் முதல் அரசியல் உரையை நிகழ்த்தினார். சில நாட்களுக்குள் வடமேற்கு எல்லையில் பதான்கள் எழுந்த செய்தி வந்தது. அங்கே படைத் தலைவர் பின்டன் பிளட். அடுத்த போருக்கு அழைப்பதாக முன்பே வாக்குக் கொடுத்திருந்தவர். சர்ச்சில் விடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். பெங்களூரில் காத்திருந்தபோது பதில் வந்தது: அதிகாரி இடம் காலியில்லை, பத்திரிகை நிருபராக வா.

பெங்களூர் ரயில் நிலைய டிக்கெட் கவுன்டரில் நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். ஒரு சிறிய ரூபாய் மூட்டையை உள்ளே தள்ளி வடமேற்கு எல்லைப் பக்கத்து நௌஷேராவுக்கு டிக்கெட் கேட்டார். எவ்வளவு தூரம் என்றும் கேட்டுவைத்தார். உள்ளே இருந்த இந்தியர் மரியாதையாகக் கால அட்டவணையைப் புரட்டி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் 2,028 மைல் என்றார். ஐந்து நாள் பயணம். இந்தியா பெரிய இடம்தான் என்று அப்போது தோன்றியதாம். அந்த கிளார்க்கை எனக்கு மிகவும் பிடிக்கும். அவருக்கு அன்று வந்த பயணிகளில் இவரும் ஒருவர், அவ்வளவே.

எல்லையில் அவர் ஒரே நேரத்தில் அதிகாரி, நிருபர் இரண்டுமாக இருந்தார். அலகாபாத் பத்திரிகை ஒன்றுக்கும் லண்டன் டெய்லி டெலிகிராஃபுக்கும் எழுதினார். லண்டன் பத்திரிகை பத்தி ஒன்றுக்கு 5 பவுண்டு கொடுத்தது. அது குறைச்சல் என்று அவருக்கு வருத்தம். இன்னொரு வருத்தம் அதைவிடப் பெரியது. கட்டுரைகள் பெயரில்லாமல், ஓர் இளம் அதிகாரி எழுதியது என்று மட்டும் வெளிவந்தன. வாக்காளர்கள் முன்னால் என்னை நிறுத்தத்தான் இவற்றை எழுதினேன் என்று அம்மாவிடம் பொரிந்து தள்ளினார். துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவே சாம்பல் நிறக் குதிரையில் எல்லோர் கண்ணிலும் படும்படி போனதும் இந்தக் கணக்கில்தான். துணிச்சல் இல்லை என்று சொல்லவில்லை. துணிச்சலுக்கு சாட்சி வேண்டும் என்று நினைத்தவர்.

பெங்களூர் திரும்பியதும் அந்தப் படையெடுப்பை நூலாக்க உட்கார்ந்தார். மறுபடியும் அதே மதிய நேரம். 1897 முடிவதற்குள் கையெழுத்துப் பிரதி லண்டனுக்குப் போய்விட்டது. 1898 மார்ச்சில் நூல் வந்தது. அச்சுப் படிகளைத் திருத்திய பெரியம்மாவின் கணவர் அதை அச்சுப் பிழைகளின் காடாக்கிவிட்டார். இருந்தும் விற்றது, இரண்டு ஆண்டு ராணுவச் சம்பளத்துக்கு ஈடான பணம் சில மாதங்களில் வந்தது. பேனாவில் பிழைக்கலாம் என்று தெரிந்துவிட்டது. அதே ஊரில் ஒரு நாவலும் எழுதினார். காதல் காட்சிகளுக்கு மெஸ் நண்பர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அந்த நாவலைப் படிக்காதீர்கள் என்று பின்னாளில் நண்பர்களைக் கேட்டுக்கொண்டார்.

எல்லைப்போர் நூலைப் பிரதமர் சாலிஸ்பரி படித்தார், ஆசிரியரைக் கூப்பிட்டு அனுப்பினார். சூடான் படையெடுப்பில் இந்த இளைஞனைச் சேர்க்கவே மாட்டேன் என்று அதன் தளபதி கிச்சனர் பிடிவாதமாக இருந்த நேரம் அது. பிரதமரின் தொடர்பு கிடைத்த பிறகு வழி பிறந்தது. 1898 செப்டம்பர் 2 அன்று ஒம்துர்மானில் 21ஆவது லான்ஸர் படையின் குதிரைப் பாய்ச்சலில் அவரும் இருந்தார், பம்பாயில் பிசகிய தோளுக்காக வாளை விட்டுவிட்டுக் கைத்துப்பாக்கியோடு. போரில் சண்டையிட்டுக்கொண்டே போரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதி, தளபதிகளையும் விமர்சிக்கும் லெப்டினன்டைப் பார்த்து மூத்த அதிகாரிகள் பல்லைக் கடித்தார்கள். கடைசியில் சிப்பாய் நிருபராகவும் நிருபர் சிப்பாயாகவும் இருக்கக் கூடாது என்று ராணுவ அமைச்சகம் விதியே போட்டது.

அந்த ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்திருந்தது. நெரிசலான பேட்டையும் தண்டின் சந்துகளும் காலியாயின. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் உருவானது அந்த நேரத்தில். பிளேக் அம்மன் கோயில்கள் இன்றும் நகரத்தில் உண்டு. டிசம்பரில் சர்ச்சில் திரும்பி வந்தது போலோவுக்காக. 1899 பிப்ரவரியில் மீரட்டில் படைப்பிரிவுகளுக்கிடையேயான போட்டி. தோள் மறுபடி பிசகி, முழங்கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடினார். தென்னிந்தியாவிலிருந்து போன குதிரைப்படை ஒன்று அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை.

அதோடு பட்டாளம் போதும் என்றாகிவிட்டது. மார்ச்சில் கப்பலேறினார், வீட்டுக்குப் போய்ப் பதவியை விட்டார். ஜூலையில் இங்கிலாந்தின் ஓல்டம் தொகுதி இடைத்தேர்தலில் நின்று தோற்றார். நிருபராகத் தென்னாப்பிரிக்கா போய், அங்கே பிரிட்டனோடு போரிட்ட டச்சு வம்சாவளியினரான போயர்களிடம் சிறைப்பட்டுத் தப்பினார். அந்தத் தப்பித்தல் அவரை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக்கியது. 1900 அக்டோபரில் அதே ஓல்டம் அவரைத் தேர்ந்தெடுத்தது. உடனே அவைக்குப் போய் உட்காரவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகக் கட்டணச் சொற்பொழிவு செய்து சுமார் 10,000 பவுண்டு சேர்த்துக்கொண்டார், சம்பளமில்லாத வேலைக்கு முன்பணமாக. 1901 பிப்ரவரி 18 அன்று நாடாளுமன்றத்தில் முதல் முறையாகப் பேச எழுந்தபோது, இந்தியாவை விட்டுப் போய் இரண்டு ஆண்டுகூட முடிந்திருக்கவில்லை.